இந்தப் பிள்ளைக்குச் சம்பளம் ஆர் குடுக்கினம்?

2024 நவம்பர் 27, புதன்

அம்மாவின் பயொப்சி முடிவு வந்துவிட்டது. இடது மார்பில் புற்றுநோய், ஆரம்பக் கட்டம். சேர்ஜன் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் நர்ஸ் எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனா. மார்பகப் புற்றுநோய்க்கென்றே படித்த நர்ஸ், ஆஸ்திரேலியாவின் மெக்ராத் அறக்கட்டளையின் உதவியோடு இங்கே வேலை செய்கிறவ.

நான் மொழிபெயர்க்கத் தொடங்க, அவ கையைக் காட்டி நிறுத்தினா. தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுத்தா. "நீங்கள் மகளாகவே இருங்கோ" என்றா என்னிடம். அரச ஆஸ்பத்திரியில் இதற்கு எங்களுக்குச் செலவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு முகம் தெரியாத அந்தக் குரலிடம், "முழு மார்பையும் எடுத்துப்போடுவினமோ?" என்று கேட்டா. என்னிடம் இதை ஒருநாளும் கேட்டிருக்க மாட்டா. நர்ஸ் ஒரு தாளில் படம் கீறினா: கட்டியும் அதைச் சுற்றிக் கொஞ்சத் தசையும், கமக்கட்டில் ஓரிரண்டு நிணநீர்க் கணுக்களும் போகும், மார்பு இருக்கும். அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தபடிதான் அம்மா வீட்டுக்கு வந்தா.

2024 டிசம்பர் 12, வியாழன்

ஓரஞ்சு நகரத்து ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்து வீடு வந்தாயிற்று. கமக்கட்டுப் பக்கம் வீக்கம். நர்ஸின் இலக்கத்துக்கு எடுத்தேன். காய்ச்சல் இருக்கா, தோல் சிவந்து சூடாக இருக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, நீர் கட்டியிருக்கலாம், நாளைக்குக் காலமை கொண்டுவாங்கோ என்றா. கையைத் தூக்கும் பயிற்சியை மட்டும் விடவேண்டாமாம். இல்லாவிட்டால் தோள் இறுகிப்போகும், பிறகு குடுக்கிற ரேடியேஷனுக்கு, அதுதான் கதிர்ச் சிகிச்சைக்கு, கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க முடியாது.

2025 ஜனவரி 5, ஞாயிறு

சிட்னி டெஸ்டின் மூன்றாம் நாள், ஜேன் மெக்ராத் நாள். மைதானம் முழுக்க இளஞ்சிவப்புத் தொப்பியும் சட்டையும். இந்தியாவின் பும்ராவுக்கு முதுகு பிடித்து அவர் பந்து போடவில்லை. 162 ஓட்டங்களை ஆஸ்திரேலியா அடித்து முடிக்க, மாட்ச் இன்றோடு சரி. சிட்னியிலிருந்து வந்திருந்த தம்பிக்குப் பெரிய கவலை.

அம்மாவுக்கு எங்கள் நர்ஸைப் பற்றித்தான் யோசனை. "அப்ப இந்தப் பிள்ளைக்குச் சம்பளம் ஆர் குடுக்கினம்?"

டீவியைக் காட்டினேன். ஆஸ்திரேலியாவுக்குப் பந்து போட்ட கிளென் மெக்ராத் எங்கள் பக்கத்து ஆள், நரோமைனில் வளர்ந்தவர். மனைவி ஜேனுக்கு 1997இல் மார்பகப் புற்றுநோய், அப்போது வயது 31. ஜேனுக்கு ஒரு நர்ஸ் துணை நின்றதுபோல மற்றவர்களுக்கும் கிடைக்கவேண்டும் என்று 2005இல் இருவரும் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 2008 ஜூனில் ஜேன் இறந்துபோனா. அடுத்த ஜனவரியில், அறக்கட்டளைக்குக் காசு சேர்க்கிற முதல் இளஞ்சிவப்பு டெஸ்ட். ஒருவரும் வந்து உட்காராத, பேருக்கு மட்டும் இருக்கிற ஆசனம் ஒன்றுக்குச் சனம் 20 டொலர் குடுக்கிறது. அந்தக் காசும் அரசின் காசும் சேர்ந்துதான் இப்படியான நர்ஸ்மார். இப்போது மற்றப் புற்றுநோய்களுக்கும் இதை விரிக்கிறார்கள்.

"எங்களைத் தெரியாத சனம்" என்றா அம்மா. தம்பி தன் போனில் இரண்டு ஆசனம் வாங்கினான்.

இதைப்பற்றி எனக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் கொடையில் குறைந்தவர்கள் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு படமும் கதையும் வந்தால் இரவுக்கிடையில் காசு சேரும். ஆனால் அது நாலுபேருக்குத் தெரிந்த முகத்துக்குத்தான் சேரும். நோயை வெளியே சொல்லக் கூசுகிறவளுக்கும், புதிதாக வந்து ஒருவரையும் தெரியாதவளுக்கும் யார் சேர்ப்பது? பொதுவில் சேர்த்து நர்ஸ் ஒருவரை வைத்தால், தன் கதையை விற்காமலே எவளும் அந்தக் கதவைத் தட்டலாம். அரசே முழுவதையும் குடுக்கவேண்டும் என்பது என் எண்ணம். குடுக்கும்வரை சனம் சேர்ப்பது நிற்கக்கூடாது.

2025 ஜனவரி 19, ஞாயிறு

நாளை ரேடியேஷன் தொடக்கம். 15 தரம், வார நாட்களில் மட்டும். ஓரஞ்சு இங்கிருந்து 120 கிலோமீற்றருக்கு மேல். நான் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை செய்கிறவள், நாள்தோறும் ஓடித் திரும்ப முடியாது.

நர்ஸ் கையில் காசு தருகிறவ இல்லை, எது எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவ. ஒருவழித் தூரம் 100 கிலோமீற்றரைத் தாண்டினால் பெற்றோலுக்கும் தங்கவும் மாநில அரசின் ஐப்டாஸ் திட்டம் உதவும். அந்தப் படிவத்தில் டொக்டர் நிரப்பும் பகுதியை அவவே முன்கூட்டி நிரப்புவித்து வைத்திருந்தா. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் கெயார் லொட்ஜில் அறையும் கேட்டுவைத்தா. அதுவும் இந்தப் பகுதிச் சனம் காசு சேர்த்து எழுப்பிய விடுதிதான். சமையலறை இருக்காம். அம்மா சரக்குத்தூள் போத்தலை முதலில் கட்டிவிட்டா.

2025 பிப்ரவரி 3, திங்கள்

தோல் கறுத்துக் கொஞ்சம் எரிகிறது. களைப்பு. வேறு ஒன்றுமில்லை.

2025 பிப்ரவரி 15, சனி

ரேடியேஷன் முடிந்தது. இன்று ஊர்க் கிரிக்கெட் கிளப்பில், மெக்ராத் அறக்கட்டளைக்குக் காசு சேர்க்கிற இளஞ்சிவப்பு ஸ்டம்ப் நாள். அம்மா கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, நானும் தம்பியும் மட்டன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனோம். தேநீர் இடைவேளைக்கு முன்னமே தட்டு காலி. புரஸ்டேட் புற்றுநோய் வந்து சுகமான விவசாயி ஒருவர் நாலு ரோல் எடுத்துக்கொண்டு ஐம்பது டொலர் வைத்துவிட்டு மிச்சம் வேண்டாம் என்றார்.

பிறகு, இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிற நேபாளப் பெண் ஒருத்தி என்னைத் தனியே கூப்பிட்டா. மமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேக்குப் பிறகு திரும்ப வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கு, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அந்த நர்ஸிடம் போக டொக்டரின் துண்டு வேணுமா, எவ்வளவு எடுப்பினம் என்று கேட்டா. துண்டும் வேண்டாம், காசும் இல்லை என்று இலக்கத்தை எழுதிக் குடுத்தேன். திரும்ப வரச்சொன்னவுடன் புற்றுநோய் என்று எண்ணக்கூடாது, அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்றும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அவவுக்குப் பரிசோதனை. கார் இல்லையாம். என் ஷிப்ட் பின்னேரம்தான், காலமை நான் ஏற்றிக்கொண்டு போகிறேன்.