வடக்கே மாமியின் வளவு, கிழக்கே ஒழுங்கை

2024 ஜனவரியில் ஒரு காலை, பக்கத்து வளவு மாமி பேப்பரோடு வந்து படலையில் நின்றார். "ஏன் மகள், என்ர பேரும் இதுக்க வந்திருக்கு? நான் ஒரு பாங்கிலயும் கடன் எடுக்கல்லயே!"

வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டை ஏலத்தில் விற்க வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானித்திருக்கிறதாம். என் பெயர், தொகை, கீழே காணி விபரம். வடக்கே மாமியின் வளவு, கிழக்கே ஒழுங்கை, இதனுள் அடங்கிய வீடு, கிணறு, பயன்தரு மரங்கள் உட்பட. அம்மா எனக்குச் சீதனமாக எழுதித்தந்த உறுதியில் இருக்கிற அதே வசனங்கள். கலியாணத்துக்கு முதல் நாள் நொத்தாரிசு வாசித்தபோது அம்மா கண்ணைத் துடைத்தது ஞாபகம் வந்தது. மாமிக்கு, எல்லைக்குத்தான் அவர் பேர் வந்தது என்று விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் போனது.

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண் பேரில்தான் இருக்கும். அதனால் கடன் என் கணவரின் பேக்கரிக்கு என்றாலும் கையெழுத்து வைத்தது நான். 2019இல் 60 இலட்சம், 15 வருடம், 12 வீதம், மாதம் 72,000. நாங்கள் கேட்டது 45தான். "புது அடுப்புக்கும் சேர்த்து எடுங்க அக்கா, திரும்பத் திரும்ப வரத் தேவல்ல" என்று அப்போதிருந்த மானேஜர்தான் கூட்டிவிட்டார். இதைக் கவனியுங்கள்: வட்டி சேராமல், கடனாக எடுத்த தொகை 50 இலட்சத்துக்குக் குறைவாக இருந்தால் பராட்டே முறையில், அதாவது 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வங்கி தானாக ஏலம் போட முடியாது; நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு மேலே என்றால் சபைத் தீர்மானமும் வர்த்தமானி, பத்திரிகை அறிவித்தலும் போதும். நீதிபதி முகத்தையே பார்க்காமல் வீடு போகலாம். கடன் தரும்போது இதை யாரும் சொல்லவில்லை.

கொரோனாக் காலச் சலுகையில் தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. பிறகு 2022. மாவுக்கு வரிசை, டீசலுக்கு வரிசை. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளி ஏற்றியது. எங்களுடையது மிதக்கும் வட்டி. வருடக் கடைசியில் 29இல் நின்றது. மிச்சமிருந்த 58 இலட்சத்துக்கு வட்டி மட்டும் மாதம் 1,40,000. பாண் விற்று அதைக் கட்ட முடியாது. முடிந்ததைக் கட்டினோம்.

பேப்பரில் வந்த பிறகுதான் ஊரின் மனசு தெரிந்தது. "வாங்கினா கட்டத்தானே வேணும்" என்றார் ஒரு பெரியம்மா. அவர் மருமகள் மூன்று இடத்தில் குழுக்கடன் எடுத்து, கிழமைக்கு ஒரு நாள் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே இருப்பது ஊருக்கே தெரியும். வேறு சிலர் வங்கிக்காரனைத் திட்டிக்கொண்டே, "எவ்வளவுக்குப் போகுமாம்?" என்று மெதுவாகக் கேட்டார்கள். ஆண்கள் சந்தியில் பேசியது ஒன்றுதான்: பெண்சாதியின் சீதன வீட்டை ஈடு வைத்தவன். அவர் இரண்டு மாதம் கோயில் பக்கமே போகவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கல்முனையிலிருந்து ஒரு புரோக்கர் வந்து விசாரித்தபோது, "கண்ணீர் விழுந்த வளவு தம்பி, வேற இடம் பாருங்க" என்று திருப்பி அனுப்பியது அதே பெரியம்மாதான்.

பிறகு பராட்டேயை 2024 டிசம்பர் 15 வரை நிறுத்தியது அரசாங்கம். கடனே தள்ளுபடி என்று நினைத்து வெடி கொளுத்தாத குறையாகச் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. நின்றது ஏலம் மட்டும். வட்டி, தண்ட வட்டி எல்லாம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதங்களைச் சும்மா விட்டவர்கள்தான் பிறகு திண்டாடினார்கள்.

நாங்கள் கடனை மறுசீரமைக்கக் கேட்டு கிளைக்குப் போனோம். மானேஜர் புதியவர். கவுண்டரில் இருந்த தம்பி உறுதியையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, உறுதியில 'இரா', இதில வெறும் 'ரா'. ரெண்டும் ஒரே ஆளா?" என்றார். 60 இலட்சம் தரும்போது யார் கண்ணிலும் படாத 'இ' அது. சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு மறுகிழமை போனால், தம்பி லீவு. அதற்கு அடுத்த கிழமை, மதிப்பீட்டு அறிக்கை பழையதாம், புதிதாக எடுக்க வேண்டுமாம். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரே கிழமையில் முடிந்திருக்கும்.

அப்புறம் கொழும்பு. தலைமையகத்தில் நேரே பேசினால் கெதியாக முடியும் என்று ஒருவர் சொல்ல, இரவு ரயிலில் போனோம். எட்டரைக்குப் போய் ஒன்றேகாலுக்குத்தான் கூப்பிட்டார்கள். "உங்கள் ஃபைல் இன்னும் மட்டக்களப்பிலிருந்து வரவில்லையே" என்றார் அங்கிருந்த அதிகாரி அம்மா. கிளையில் கேட்டபோது அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். உண்மையில் அது ஒரு மேசையின் லாச்சிக்குள் கிடந்தது. எந்தக் கடிதம் கொடுத்தாலும் கொப்பியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். எங்களிடம் அது இருந்தபடியால்தான் "நீங்கள் தரவே இல்லை" என்ற பேச்சு ஒரே நிமிடத்தில் முடிந்தது.

அதன் பிறகு எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டோம். ஆங்கிலத்தில் மட்டும் வந்த கடிதங்களுக்குத் தமிழ்ப் பிரதி கேட்டோம். பதில் வராதபோது மத்திய வங்கியின் முறைப்பாட்டு இலக்கமான 1935க்கு அழைத்தோம். முதலில் வங்கிக்கு எழுத்து மூலம் முறையிட்டீர்களா என்றுதான் கேட்டார்கள். முத்திரை குத்திய கொப்பி அங்கேயும் கைகொடுத்தது.

டிசம்பரில் முடிய வேண்டிய நிறுத்தத்தை 2025 மார்ச் 31 வரை நீட்டினார்கள். அதற்கு நாலு நாள் முன்னால் கையெழுத்து வைத்தோம். நிலுவை 83 இலட்சம். அதில் தண்ட வட்டி 6,40,000ஐ முழுதாக வெட்டவைத்தோம். பாதிதான் வெட்டலாம் என்றவர்களிடம், அந்த ஃபைல் லாச்சியில் தூங்கிய மாதங்களுக்கும் தண்டமா என்று இவர் கேட்டார். மானேஜர் பேனையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார், வரும்போது சரி என்று வந்தார். முற்பணம் 5 இலட்சத்துக்கு என் காப்பும் கட்டாரிலிருந்து தம்பி அனுப்பிய காசும். மிச்சம் 15 வருடத்துக்கு, 12.5 வீதம், மாதம் 88,000 சொச்சம். கையெழுத்து வைக்க முன் இந்த முறை நான் கேட்டது ஒன்றுதான்: நிலையான வட்டியா, மிதப்பதா? முதல் ஐந்து வருடம் நிலையானது என்று எழுதி வாங்கினேன்.

உறுதி இன்னும் வங்கியில்தான். போன கிழமை மாமி திரும்பவும் படலைக்கு வந்தார். அவருடைய வடக்குப் பக்கத்துக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டாராம், வழக்கு வரும்போல. "மகள், அந்தப் பேப்பர்த் துண்டு வெச்சிருக்கியா? என்ர வளவு எங்க இருக்கென்டு பாங்குக்காரனே அச்சில போட்டிருக்கான்தானே."

தேடிக்கொண்டிருக்கிறேன்.