தாளம் போட்டுக்கொண்டே கேட்ட கோமாளி இசை

கொஞ்ச காலமாக, சிரிக்க வைப்பதற்கென்றே உருவான பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்கிறேன். கையால் தாளம் போட்டுக்கொண்டே கேட்கத் தொடங்கிய பிறகு இந்த இசை மேல் எனக்குப் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

ஆரம்பம் ஸ்பைக் ஜோன்ஸ். 1940களில் அமெரிக்காவைக் கலக்கிய குழு அவருடையது. உருகி உருகிப் பாடும் காதல் பாட்டின் நடுவே துப்பாக்கி வெடிக்கும், மாட்டு மணி அடிக்கும், கார் ஹாரன் அலறும், யாரோ விக்குவார்கள். காதுக்கு ஒரே அமளி. ஆனால் தாளம் போட்டுப் பார்த்தால் விக்கல்கூட இடம் பிசகாமல் விழுகிறது! வெடிச்சத்தம் அரை நொடி தள்ளி வந்திருந்தால் அது வெறும் இரைச்சல். சரியான அடியில் வருவதால்தான் சிரிப்பு. அமெரிக்க இசையமைப்பாளர் லெராய் ஆண்டர்சன் 1950ல் எழுதிய ‘தி டைப்ரைட்டர்’ இதற்கு இன்னொரு நல்ல பாடம். அதில் தட்டச்சு இயந்திரம்தான் தனி வாத்தியம். எழுத்துக் கம்பிகள் சிக்கிக்கொள்ளாதபடி சில விசைகளை மட்டும் இயங்க விட்டு, பெரும்பாலும் தாள வாத்தியக் கலைஞர்களே அதை வாசிக்கிறார்கள்.

கேட்டது போதாமல், அணில்கள் பாடுவது போன்ற கீச்சுக் குரலை நானே செய்து பார்த்தேன். 1958ல் அமெரிக்கப் பாடகர் ராஸ் பக்தசாரியன் ‘தி சிப்மங்க் சாங்’ என்ற கிறிஸ்துமஸ் பாட்டில் செய்த வித்தை இது. டேப்பைப் பாதி வேகத்தில் ஓட விட்டு மெதுவாகப் பாடி, பிறகு முழு வேகத்தில் ஒலிக்க விட்டார். குரல் ஒரு ஸ்தாயி மேலே போய்விட்டது. அந்தப் பாட்டுக்கு முதல் கிராமி விழாவிலேயே 3 விருதுகள். அவற்றில் ஒன்று ஒலிப்பதிவுத் திறனுக்கு. முற்றிலும் நியாயமான விருது என்பேன்.

என்னிடம் டேப் இல்லை, கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் உண்டு. நிமிடத்துக்கு 120 அடி வேண்டுமென்றால் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 60ல் வைத்துப் பாடி, வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டும். சுருதியை மட்டும் ஏற்றும் எஃபெக்ட் வேண்டாம். வேகமும் சுருதியும் சேர்ந்து ஏறுவதில்தான் அந்தச் சுறுசுறுப்பு இருக்கிறது.

பாடுவதுதான் சுவாரசியம். குறிலை நெடிலாக இழுக்க வேண்டும், நெடிலை இன்னும் ஒரு மடங்கு. வழக்கமான அளவில் பாடிய குறில் இரட்டை வேகத்தில் காணாமலே போகிறது. க, ட, ப போன்ற வல்லினங்களை அழுத்திச் சொன்னால்தான் சொல் புரிகிறது. கமகம் கூடாது, மெல்லிய அசைவுகூட நடுக்கமாகிவிடுகிறது. நேர் ஸ்வரமாக நிறுத்தினால் குரல் கண்ணாடி மாதிரி தெளிவாக வருகிறது. மூச்சுதான் பெரிய சவால்: ஒரு வரி இரண்டு மடங்கு நீளம், அதை உடைக்காமல் பாடி முடிக்க வேண்டும்.

அணில் சிரிப்பு எல்லாவற்றையும்விட ரசிக்க வைத்தது. இயல்பாகச் சிரித்தால் ஒரு கிறீச்சொலிதான் மிஞ்சுகிறது. “ஹா… ஹா… ஹா…” என்று அடிக்கு ஒன்றாக எண்ணி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதிவு செய்தேன். வேகத்தைக் கூட்டியதும் ஒரு குட்டிப் பயல் விழுந்து விழுந்து சிரிக்கிறான்! அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

இப்போது ச, க, ப என்ற மூன்று ஸ்வரங்களிலும் தனித்தனியாகப் பாடி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு குரல்கள் ஒட்டிவிட்டன. பஞ்சமத்தில், அதாவது ‘ப’வில் வரும் மூன்றாமவனுக்குத்தான் இன்னும் மூச்சுப் பயிற்சி வேண்டியிருக்கிறது.