அப்பாவின் பெயருக்கு ஆங்கிலத்தில் எந்த எழுத்து?

என் பாஸ்போர்ட் அமெரிக்க விசாவோடு மட்டக்களப்பின் கல்லடிக்கு வந்து சேர்ந்து இன்றோடு ஒன்பது நாள். 2022 ஒக்டோபரில் தொடங்கிய அலைச்சல் 2024 செப்டெம்பரில் முடிந்திருக்கிறது. கணவர் அங்கே, கடதாசிக் கோப்பும் தானும் இங்கே என்று காத்திருக்கும் பெண்கள் எங்கள் ஊரில் பலர். அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் கணவர் களுவாஞ்சிக்குடியில் பிறந்து, சின்ன வயதிலேயே போய், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். எங்கள் திருமணம் 2022 ஆவணியில் மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் நடந்தது. வெளிநாட்டவரை மணப்பதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி அறிக்கை வேண்டும் என்ற விதி அந்த வருடம் ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அந்த அறிக்கை கையில் கிடைத்த பிறகே எழுத்துக்கு, அதாவது திருமணப் பதிவுக்கு, நாள் குறித்தோம்.

திரும்பிப் போனதும், மனைவியை அழைப்பதற்கான ஐ-130 மனுவை இவரே இணையத்தில் போட்டார். கட்டணம் அப்போது 535 டொலர். 2024 ஏப்ரலில் அதை 625 ஆக்கிவிட்டார்கள். பிறகு பதினைந்து மாதம் ஒரு சத்தமும் இல்லை. நியூ ஜெர்சியில் இரவுச் சாப்பாடு முடிகிற நேரம் இங்கே விடிகிற நேரம். தினமும் ஐந்தரை மணிக்குத் தொலைபேசி அடிக்கும். "ஏதும் வந்ததா?" என்பதுதான் முதல் கேள்வி.

மனு அங்கீகரிக்கப்பட்டதும் கோப்பு அமெரிக்காவின் தேசிய விசா நிலையத்துக்குப் போகும். அங்கே 325 டொலரும் 120 டொலரும் கட்டினோம். என்னைப் பொறுப்பேற்பதாக இவர் ஐ-864 படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அதற்கு அவருடைய வருமானம் அந்நாட்டு வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு பேருள்ள குடும்பத்துக்கு 2024இல் அது 25,550 டொலர். வருமான வரிப் பத்திரங்களை ஒழுங்காக வைத்திருந்தபடியால் அந்தப் பக்கம் சிக்கல் இல்லை. சிக்கல் என் பக்கத்தில்தான் இருந்தது.

என் பிறப்புச் சான்றிதழை 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோய்விட்டது. பிரதேச செயலகத்தில் எடுத்த பிரதிதான் இப்போது இருக்கிறது. அதில் அப்பாவின் பெயர் அழகாகத் தமிழில் இருக்கிறது: கோவிந்தன். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் 'ஜி'யில் (G) தொடங்கி, நடுவில் 'டி' (D) போட்டு எழுதிவிட்டார். என் பாஸ்போர்ட்டிலோ 'கே'யில் (K) தொடங்கி, நடுவில் 'ரீ, எச்' (TH) வருகிறது. தமிழில் ஒரே பெயர். ஆங்கிலத்தில் பார்த்தால் இரண்டு மனிதர்கள்! டிஎஸ்-260 என்ற குடிவரவு விசா விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்த இரவில்தான் இது கண்ணில் பட்டது. அதற்குள் மனுவில் 'ஜி' போய்விட்டிருந்தது.

நகரத்தில் ஒரு முகவர், பெரிய தொகை ஒன்றைக் கேட்டு, பிறப்புச் சான்றிதழையே மாற்றித் தருகிறேன் என்றார். நல்ல வேளை, அவரிடம் போகவில்லை. தயவுசெய்து நீங்களும் போகாதீர்கள். பொய்க் கடதாசி ஒன்று பிடிபட்டால் அந்த நாட்டுக் கதவே அடைபட்டுப் போகும். மொழிபெயர்ப்பைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்தி வாங்கினோம். இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க அப்பாவையும் கூட்டிக்கொண்டு சமாதான நீதவானின் வீட்டுக்குப் போனேன்.

"ஐயா, இதில் எது உங்கள் பெயர்?" என்று அவர் இரண்டு தாள்களையும் காட்டிக் கேட்டார்.

அப்பா வாழ்நாள் முழுவதும் கடல்தொழில் செய்தவர். இரண்டையும் நீண்ட நேரம் பார்த்தார். "நான் தமிழில் மட்டும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதெல்லாம் மற்றவர்கள் எழுதியது. மகளுக்கு எது தேவையோ அதை எழுதுங்கள்" என்றார். அந்தக் கடதாசியின் அடியிலும் வலை பின்னுகிற அதே நிதானத்தோடு தமிழில்தான் ஒப்பமிட்டார்.

திருமணம் பேசும்போதே எல்லாத் தாள்களையும் பரப்பி வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். நான் அன்றே பார்த்திருந்தால் இரண்டு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

பொலிஸ் சான்றிதழ் பிரச்சினை இல்லாமல் கிடைத்தது. மருத்துவப் பரிசோதனை கொழும்பில், தூதரகம் குறித்திருக்கும் இடத்தில் மட்டும்தான் செய்யலாம். தடுப்பூசி அட்டையும் கடலோடு போனதால் சில ஊசிகளைத் திரும்பவும் போட்டார்கள்.

நேர்முகத்துக்கு முதல் நாள் இரவு ரயிலில் போனோம். கொள்ளுப்பிட்டித் தூதரகத்தில் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன். எப்படி அறிமுகம், அவர் என்ன வேலை, எத்தனை தடவை வந்து போனார் என்று கேட்டார்கள். பிறகு அதிகாரி திருமணப் படங்களைப் புரட்டி, "ஏன் முப்பது பேர்கூட இல்லை?" என்றார். நெஞ்சு திக்கென்றது. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலம், மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது, அக்கரைப்பற்றில் இருக்கும் மாமாவே வர முடியவில்லை என்றேன். அவர் தலையசைத்தார். சத்தியக் கடதாசியை வாசித்தார். இன்னும் ஓரிரு கேள்விகளோடு விசா அங்கீகரிக்கப்பட்டது என்றார். பாஸ்போர்ட்டை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

திருமணம் முடிந்து 2 வருடம் கடந்துவிட்டதால் எனக்கு 10 வருட நிரந்தர வதிவிட அட்டை (கிரீன் கார்ட்) கிடைக்கும். 2 வருடம் நிறையாமல் போகிறவர்களுக்கு 2 வருட நிபந்தனை அட்டைதான். அது முடிவதற்கு முந்திய 90 நாட்களுக்குள், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தைப் போட வேண்டும், மறந்துவிடாதீர்கள். இனி 235 டொலர் குடிவரவுக் கட்டணம் மட்டும் பாக்கி.

அமெரிக்காவுக்குக் கடிதம் போடுவதென்றால் உறையில் அனுப்புகிறவர் பெயரும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று யாரோ அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, அம்மாவின் கடன் கணக்குக் கொப்பியில், 'கே'யில் தொடங்கித் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார்.