அப்பா சேவிக்காமல் விட்ட ஒரு திவ்யதேசம்

ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்கள்தான் திவ்யதேசங்கள். பூமியில் உள்ள 106-இல் 105-ஐ அப்பா சேவித்துவிட்டார். நேபாளத்து மலையில் உள்ள முக்திநாத் ஒன்றுதான் பாக்கி. டிக்கெட் போட்ட வருஷம் கொரோனா வந்தது, அடுத்த வருஷம் அப்பா இல்லை. "அவரு நோட்டுல அந்த ஒரு வரி காலியாவே கெடக்குது கண்ணு" என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. 67 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு ஈரோட்டிலிருந்து கிளம்பிவிட்டேன். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டர், அப்பாவுக்காக வாங்கியது, அதுவும் பையில் வந்தது.

பொக்காராவில் இருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் இருபதே நிமிஷம். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் உச்சி வேளைக்குள் காற்று சுழற்றத் தொடங்கிவிடும் என்பதால் காலையில் மட்டும்தான் பறக்கிறார்கள். பொக்காரா 820 மீட்டர், ஜோம்சோம் 2,700. அங்கே ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும், 3,000 மீட்டருக்கு மேலே போனால் படுக்கும் இடத்தை நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று எங்கள் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். டூர்காரர் கேட்கவில்லை. "எல்லாரும் இப்படித்தான் போறாங்க, ஆக்ஸிஜன் கேன் இருக்குது" என்று எங்களை நேரே ஜீப்பில் ஏற்றினார். மதியச் சாப்பாட்டுக்கு முக்திநாத் கோயிலுக்குக் கீழே, 3,700 மீட்டரை ஒட்டிய ராணிபவாவில் இருந்தோம். காலை எழுந்ததில் இருந்து உடம்பு ஏறத்தாழ 2,900 மீட்டர் ஏறியிருக்கிறது.

ஜீப்பை விட்டு இறங்கியதும் குதிரைக்காரர்களும் மோட்டார் பைக் ஓட்டுகிறவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அம்மாவின் கையையே பிடித்து இழுத்தார். பெருமாளாகவே கும்பிடுகிற சாளக்கிராமம் என்று கறுப்புக் கல்லைக் கையில் திணிப்பவர்கள் வேறு. மூச்சு வாங்கி நிற்கிற வயசானவர்களிடம் இப்படி நடந்துகொள்ளலாமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் அம்மா, "தலைய யாரோ கயிறு போட்டு இறுக்குற மாதிரி இருக்குது" என்றார். சாப்பாடு வேண்டாம் என்றார். ராத்திரி இரண்டு முறை வாந்தி. அந்த உயரத்திலும் காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் மாறுவதில்லை. காற்றின் அழுத்தம்தான் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது குறைவு. ஊரில் 97 காட்டிய கருவி 78 காட்டியது. உயரத்துக்குக் கொடுக்கிற டயமாக்ஸ் மாத்திரையும் எங்களிடம் இல்லை. அம்மாவுக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதால் டாக்டர் எழுதித் தரவில்லை.

அம்மா கண்ணயர்ந்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது. நாலைந்து மூச்சு வேகமாக வரும், அப்புறம் நின்றுவிடும். ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுவேன். திடீரென்று ஒரு பெருமூச்சு. உயரத்தில் தூக்கத்தில் இப்படி ஆவது சகஜம்தானாம். வேகமாக மூச்சு விடுவதில் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது, மூச்சு விடச் சொல்லி மூளையைத் தூண்டுவது அதுதான் என்று பின்னால் டாக்டர் விளக்கினார். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலருகே இப்படித்தான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நாராயணா, அம்மாவையாவது விட்டுவை" என்று வாய் விட்டுக் கேட்டேன்.

விடியும் முன்பே லாட்ஜ் அம்மாளை எழுப்பினேன். அவர் அம்மாவை நிற்க வைத்து, குதிகாலும் விரலும் ஒட்ட அடி மேல் அடி வைத்து ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார். அம்மா தள்ளாடாமல் நடந்தார். "மூளை வீங்கினால் இப்படி நடக்க முடியாது. இன்னும் நேரம் இருக்கிறது. உடனே இறங்குங்கள்" என்று இந்தியில் சொன்னார். கோயில் அரைமணி நடைதான். அம்மா அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு, "வாசல் வரைக்கும் வந்துட்டு..." என்றார். டூர்காரர் தரிசனம் முடித்தே இறங்கலாம் என்றார். நான் கேட்கவில்லை. ஜீப் பிடித்து ஜோம்சோமுக்கே இறங்கிவிட்டோம். எங்கள் குழு எங்களை விட்டுவிட்டே ஊர் திரும்பியது.

ஆயிரம் மீட்டர் இறங்க வைத்துப் பெருமாள் செய்த வைத்தியத்தை என்னவென்று சொல்ல! மதியத்துக்குள் தலைவலி பாதி போயிற்று. மறுநாள் அம்மா பருப்பும் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அங்கிருந்த டாக்டர் இரண்டு ராத்திரி தங்க வைத்து, வலி சுத்தமாகப் போன பிறகு, மேலே படுக்காமல் அன்றே திரும்புவதாக இருந்தால் போகலாம் என்றார்.

மூன்றாம் நாள் போனோம். அம்மாவைக் குதிரையில் ஏற்றி, கடைசிப் படிகளை மட்டும் பத்துப் பத்தாக ஏறினோம். கோயிலில் வரிசையாகக் கொட்டும் 108 நீர்த்தாரைகளிலும் அம்மா உள்ளங்கையை நீட்டித் தலையில் தெளித்துக்கொண்டார், குளிர் தாங்காது என்பதால் அவ்வளவுதான். அப்பாவுக்காக நான் நனைந்தேன். நாற்பதாவது தாரைக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. தீர்த்தக் குளமான குண்டத்தில் கூட்டம் முண்டியது, அதெல்லாம் மறந்தே போயிற்று.

சன்னிதியில் அம்மா, சாளக்கிராமம் என்று இந்தத் தலத்தைப் பாடிய திருமங்கையாழ்வார் பாசுரத்தைத் தொடங்கினார். மூச்சு போதவில்லை. ஒரு சொல், ஒரு மூச்சு. "சாளக்கிராமம்..." நிறுத்தினார். "அடை..." மறுபடி நிறுத்தினார். "நெஞ்சே" வருவதற்குள் எனக்குக் கண் மறைத்துவிட்டது. இத்தனை தடவை கேட்ட பாசுரம், ஆழ்வார் தன் நெஞ்சைக் கூப்பிட்டு, சாளக்கிராமத்தைப் போய்ச் சேர் என்று சொன்னது அன்றைக்குத்தான் என் நெஞ்சில் ஏறியது. பின்னால் நின்றவர்கள் கூட இடிக்காமல் நின்றார்கள். அம்மா பெருமாளைப் பார்த்து, "அவருக்கும் சேர்த்து வந்துட்டேன்" என்றார். என் ஸ்ரீமூர்த்திப் பெருமாளே, எங்களைத் திருப்பி அனுப்பிக் காப்பாற்றி, திரும்பக் கூப்பிட்டுச் சேவையும் கொடுத்தாயே!

இறங்கும் வழியில் காக்பேனியில் நதிக்கரையில் அப்பாவுக்குப் பிண்டம் போட்டோம்.

தாரைத் தீர்த்தத்தைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி பிடித்து மூடியிருந்தேன். ஊரில் வந்து பையைத் திறந்தால் பாட்டில் நசுங்கி ஒட்டிப்போய்க் கிடந்தது. மேலே அடைபட்ட மெல்லிய காற்றைக் கீழே உள்ள காற்று அமுக்கியிருந்தது. அம்மா மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போய்ப் பாட்டில் நிமிர்ந்தது. இரண்டு சொட்டை அப்பா படத்துக்குத் தெளித்துவிட்டு, நோட்டை எடுத்து அந்த வரியைத் தன் கையாலேயே எழுதினார்.