என்டர்பிரைஸ் பிரிட்ஜ்: பொத்தான்கள் ஒளிர்ந்துவிட்டன

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க டிவி தொடர்களில் முதலாவதில் (1966–69) வரும் என்டர்பிரைஸ் விண்கலத்தின் பிரிட்ஜை, அதாவது கேப்டன் உட்கார்ந்து கப்பலை ஓட்டும் வட்டமான கட்டுப்பாட்டு அறையை, ஆறில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். முழு வட்டமும் இல்லை, ஒரு துண்டுதான். மாட் ஜெஃப்ரீஸ் வடிவமைத்த அந்த செட்டே துண்டு துண்டாகக் கட்டியதுதான். கேமரா உள்ளே வர வேண்டுமென்றால் ஒரு துண்டை அப்படியே இழுத்து ஓரம்கட்டிவிடுவார்கள். அதனால் ஒன்றை மட்டும் செய்து வைத்தாலும் அரைகுறையாகத் தெரியாது.

பொத்தான்கள் பதிக்கும் மேசையும் சுவரும் 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை). மேசைக்கு மேட் கறுப்பு இரண்டு கோட், கைப்பிடிக் கம்பிக்குச் சிவப்பு. 1964-ல் எடுத்த முதல் முன்னோட்டப் படத்தில் பிரிட்ஜ் பெரும்பாலும் சாம்பல் நிறம். தொடரில் அந்தச் சிவப்பு வந்த பிறகுதான் எனக்கு அது உயிருள்ள இடமாகத் தெரிகிறது.

நேரமெல்லாம் பொத்தானில்தான் போனது. அசலில் அவை நிறம் கலந்த ரெசினை (ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) அச்சில் ஊற்றி எடுத்தவை, பின்னால் பல்பு. அழுத்தினால் எதுவும் நடக்காது, ஆனால் மிட்டாய் மாதிரி மின்னும். அந்த மின்னல்தான் எனக்கு வேண்டும்.

முதலில் ஆரி வேலைக்கு விற்கும் குந்தன் கல்லை வாங்கி ஒட்டினேன். வடிவம் கச்சிதம். விளக்கைப் போட்டால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஒன்றைப் பெயர்த்துத் திருப்பிப் பார்த்தேன்: அடியில் வெள்ளிப் பூச்சு. உப்புத்தாளில் தேய்த்தால் பூச்சோடு ஓரமும் பெயர்ந்து வந்தது. சரி என்று அந்தக் கல்லையே மாதிரியாக வைத்து சிலிக்கானில் அச்சு எடுத்து, எபாக்ஸி ரெசினை ஊற்றினேன். ரெசின் பாட்டிலைப் பத்து நிமிடம் வெந்நீரில் வைத்துவிட்டுக் கலந்தால் குமிழி நன்றாகக் குறைகிறது. பல்குச்சியால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மிஞ்சும் குமிழி மேலே ஏறித் தட்டையான முதுகுப் பக்கம் வந்துவிடும், அதைத் தேய்த்துவிடலாம்.

அப்புறம் வெளிச்சம். வெள்ளை எல்இடி வைத்தபோது ஒவ்வொரு பொத்தானின் நடுவிலும் ஒரு கூர்மையான புள்ளி தெரிந்தது. ட்ரேசிங் பேப்பர் இரண்டு மடிப்பு வைத்ததும் அது கரைந்தது. பழைய பல்பின் மஞ்சள் சாயல் வேண்டுமென்று வார்ம் ஒயிட்டுக்கு மாற்றினேன். சிவப்பும் ஆரஞ்சும் கனலாகிவிட்டன, நீலம் மட்டும் செத்துப்போனது. மஞ்சள் ஒளியில் நீலம் குறைவு, அதனால் பொத்தான் வழியே வெளியே வர ஒன்றும் இல்லை. நீலத்துக்கு மட்டும் நிறமியைப் பாதியாக்கி மறுபடி ஊற்றினேன். நேற்று இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்தது கேப்டன் நாற்காலி. அசல், மேடிசன் நிறுவனத்தின் ரெடிமேட் நாற்காலியைச் சுற்றிப் பெட்டி கட்டிச் செய்தது. 2002 ஏலத்தில் 3,04,750 டாலருக்குப் போனது. அதன் மரக் கைக்காக வெனீர் (மெல்லிய மரத் தாள்) துண்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ரேகை பெரிதாக இருக்கிறது, இந்த அளவுக்கு ஒத்துவராது. இன்னும் நெருக்கமான ரேகையுள்ளதாகத் தேட வேண்டும்.