நான்காம் வகுப்பில் இறங்கிய மதிப்பெண்

நியூ ஜெர்சியில் ஒரு அரசுப் பள்ளியில் ஈ.எஸ்.எல். ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுத்தருவது என் வேலை. சில வருடங்களுக்கு முன் நான்காம் வகுப்பில் ஏழு பேர் என்னிடம் இருந்தார்கள். நான்கு பேர் ஸ்பானிஷ், இரண்டு பேர் குஜராத்தி, ஒருத்தி மதுரையிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை. அவர்களோடு போன ஒரு வருடம் எனக்கு நிறையப் புரியவைத்தது.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்தப் பிள்ளைகளுக்கு ‘ஆக்சஸ்’ என்ற ஆங்கிலத் திறன் தேர்வு உண்டு. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு பகுதிகள். 1 முதல் 6 வரை மட்டம். அப்போது எங்கள் மாநிலத்தில் மொத்தத்தில் 4.5 வந்தால்தான் ஈ.எஸ்.எல். பட்டியலிலிருந்து வெளியே வர முடியும். 2015-ல் வந்த எஸ்ஸா என்ற அமெரிக்கப் பள்ளிக் கல்விச் சட்டப்படி, எத்தனை பிள்ளைகளின் ஆங்கிலம் எதிர்பார்த்த அளவு வளர்ந்தது என்பது பள்ளியின் மதிப்பீட்டிலும் சேரும். அதனால் முடிவு வரும் நாளில் பிள்ளையைவிடத் தலைமை ஆசிரியருக்குத்தான் படபடப்பு அதிகம்.

அதற்கு முந்தைய வருடம் எங்களுக்கு மோசமாகப் போயிருந்தது. மூன்றாம் வகுப்பில் 3.9 வாங்கிய பையன் நான்காம் வகுப்பில் 3.4-க்கு இறங்கியிருந்தான். அவன் மட்டுமல்ல, பாதிப் பேர். “பிள்ளைகள் பின்னால் போகிறார்கள்” என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது என்னால் ஏற்கவே முடியவில்லை. தினமும் அவர்களோடு இருக்கிறேன், அவர்கள் முன்னேறுவது எனக்குத் தெரியும்.

ஒரு வார இறுதி முழுக்க மதிப்பெண் தாள்களோடு உட்கார்ந்தேன். இரண்டு, மூன்றாம் வகுப்புகளுக்கு ஒரே தேர்வு. நான்கு, ஐந்துக்கு வேறு, கடினமான தேர்வு. அது மட்டுமில்லை. மூன்றாம் வகுப்பு வரை எழுத்துப் பகுதியைப் பென்சிலால் எழுதுகிறார்கள், நான்கிலிருந்து கணினியில் தட்டச்சு. விசைப்பலகையில் எழுத்தைத் தேடுவதிலேயே நேரம் போய், பிள்ளை இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறான். மொத்த மதிப்பெண்ணில் வாசித்தலுக்கும் எழுதுதலுக்கும் தலா 35 சதவீதம். கேட்டலுக்கும் பேசுதலுக்கும் தலா 15 தான். நானோ வகுப்பில் பாதி நேரத்தைப் பேச வைப்பதில் செலவிட்டிருந்தேன். அந்தத் தவறு என்னுடையது.

சரி, செப்டம்பரிலேயே தொடங்கினோம். தினமும் பதினைந்து நிமிடம் தட்டச்சு. முதலில் வாயால் சொன்ன வாக்கியத்தையே தட்டச்சு செய்ய வேண்டும், அப்போதுதான் யோசனையும் விரலும் சேர்ந்து பழகும். பேச்சுத் தேர்வில் ஹெட்செட் மைக்கில் பேச வேண்டும் என்பதால், அதையும் அவ்வப்போது மாட்டிப் பழக்கினேன்.

பெரிய போராட்டம் கால அட்டவணையில்தான். என் வகுப்புக்காகப் பிள்ளைகளை அறிவியல் பாடத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். ஆங்கிலம் வளர வேண்டிய இடத்திலிருந்தே பிள்ளையை வெளியே கூட்டிவருவது எனக்கு உறுத்தியது. மூன்று கூட்டங்களுக்குப் பிறகு, வாரத்தில் மூன்று நாள் நானே அறிவியல் வகுப்புக்குள் போய் உட்காரலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அங்கே ஒரு நாள் ‘எரோஷன்’ பாடம். மணல் தட்டில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார் அறிவியல் ஆசிரியை. மதுரைப் பிள்ளை தலை குனிந்தே இருந்தாள். “இதைத் தமிழ்ல சொல்லு பார்ப்போம்” என்றேன். “வைகையில தண்ணி வந்தா கரை மண்ண அரிச்சிட்டுப் போகும் டீச்சர். மண்ணரிப்பு” என்றாள். பாடம் முழுக்க அவளிடம் இருந்தது, ஆங்கிலச் சொல் மட்டும்தான் இல்லை. முதலில் தமிழில் நான்கு வரி எழுதச் சொன்னேன், அப்புறம் ஆங்கிலத்தில். அன்று ஏழு வாக்கியம் எழுதினாள். ஸ்பானிஷ் பிள்ளைகளுக்கு இன்னும் சுலபம், அவர்கள் மொழியிலும் அது ‘எரோசியோன்’ தான்.

கணக்கிலும் மொழிதான் தடை. கழித்தல் தெரிந்த பிள்ளை ‘ஹவ் மெனி மோர்’ (எத்தனை அதிகம்) என்று பார்த்ததும் கூட்டிவிடும், ‘மோர்’ என்றாலே கூட்டல்தான் என்று நினைத்து. மாநிலக் கணக்குத் தேர்வு ஸ்பானிஷில் உண்டு, தமிழிலோ குஜராத்தியிலோ இல்லை. ஆனால் சொல்லுக்குச் சொல் தரும் இருமொழி அகராதியை வைத்துக்கொள்ளலாம். தேர்வன்று முதல்முறையாக அதைத் திறந்தால் பயனில்லை என்பதால் அக்டோபரிலிருந்தே மேசையில் வைத்தோம்.

அந்தப் பிள்ளையின் அம்மா ஒரு மாலை தொலைபேசியில் கேட்டார்: “வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நாங்க பேசுறதே அரைகுறை, என்ன செய்யட்டும் மேடம்?” தமிழிலேயே பேசுங்கள், ராத்திரி அவள் படித்ததைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். எத்தனை பெற்றோருக்கு யார் யாரோ தப்பாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று அன்று வருத்தமாக இருந்தது.

முடிவு வந்தது. ஏழு பேரில் இரண்டு பேர் 4.5-ஐத் தாண்டினார்கள். நான்கு பேர் தங்கள் வருட இலக்கை எட்டினார்கள். ஒரு பையன் எட்டவில்லை. டிசம்பர் முழுக்க அவன் பள்ளிக்கே வரவில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்தில் 3.1-லிருந்து 4.0, மொத்தம் 4.3. “பாயிண்ட் ரெண்டுதானே, வெளிய எடுத்துருங்களேன்” என்றார் அம்மா. இன்னொரு வருடம் இருப்பது அவளுக்கு நல்லது என்று எழுத்துத் தாளைக் காட்டி விளக்கினேன், புரிந்துகொண்டார்.

வெளியே போனவர்களையும் சில வருடங்கள் கவனிக்க வேண்டும். அதில் ஒரு குஜராத்திப் பையன் ஐந்தாம் வகுப்பில் நவம்பர் வாக்கில் சமூக அறிவியலில் திணற ஆரம்பித்தான். வகுப்பாசிரியை சொன்னதும், செவ்வாய்க்கிழமைகளில் மதிய உணவுக்குப் பிறகு அரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்தேன்.