தக்காளிக்கு ராத்திரி சூடுதான் முக்கியம்

மார்ச் பிறந்தால் போதும், மாடித்தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். தக்காளிச் செடி தளதளவென்று நிற்கிறது, பூவும் கொத்துக் கொத்தாக வருகிறது, ஒரு பிஞ்சு கூட நிற்கவில்லையே, என்ன உரம் போடலாம்? உரத்தில் ஒன்றும் குறையில்லை. உதிர்ந்த பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பின் நடுவே விரல் முட்டி போல ஒரு கணு இருக்கும். மிகச்சரியாக அந்த இடத்தில்தான் மஞ்சளாகிக் கழன்றிருக்கும். சூல் பிடிக்காத பூவைச் செடியே கழற்றி விட்டுவிடுகிறது.

வெயில்தான் காரணம் என்பார்கள், அது பாதி உண்மை. பகல் 32 டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனால் மகரந்தம் பலவீனமாகிறது, சரி. ஆனால் இரவும் இறங்க வேண்டுமே! இரவு வெப்பம் 21, 22 டிகிரிக்கு மேலேயே நின்றால் பெரும்பாலான ரகங்களில் காய்ப்பிடிப்பு குறைய ஆரம்பித்துவிடும். சென்னையில் டிசம்பர் கடைசி, ஜனவரியில்தான் இரவு அந்த அளவுக்கு வருகிறது, மே மாதத்தில் 27, 28 என்று நிற்கும். போதாக்குறைக்குக் கடற்கரை ஈரக்காற்று. மகரந்தத் தூள் பிசுபிசுத்துப் பூவுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிடுவது இதற்குத்தான், ஓரளவு பலன் தரும்.

நானும் முதலில் படத்தைப் பார்த்து மயங்கித்தான் விதை வாங்கினேன். செரோகி பர்ப்பிள். கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பெரிய பழம், அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்திலிருந்து 1990இல் கிரெய்க் லெஹூலியர் என்பவருக்கு விதை வந்து, அவர் பெயர் வைத்துப் பரப்பிய ரகம். என் மாடியில் ஆறடி வளர்ந்தது, மார்ச், ஏப்ரல் முழுக்கப் பூத்தது, இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியதற்கு ஒரு பழம் கூடக் கிடைக்கவில்லை. ரகத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை. அது டென்னஸிக்காரர்களின் பாரம்பரியம், அவர்கள் ஊர் இரவுக்குப் பழகியது. பிராண்டிவைன் என்ற இன்னொரு பெரிய பழ ரகமும் அப்படித்தான். ஒரு பழமே அரைக் கிலோ போகும் ரகங்கள் நம் கோடையில் பெரும்பாலும் ஏமாற்றிவிடும்.

வெளிநாட்டு விதைதான் ஆசை என்றால், புழுக்கமான ஊரிலிருந்து வந்ததைத் தேடுங்கள். ஃப்ளோரிடாவின் தென்பகுதியில் தானாகவே முளைத்துக் கிடக்கும் எவர்கிளேட்ஸ் தக்காளி சுண்டைக்காய் அளவுதான் இருக்கும், ஆனால் வெயிலிலும் காய்க்கும். மெக்சிகோவின் ஹிடால்கோ பகுதியிலிருந்து வந்த மேட்ஸ் வைல்ட் செர்ரியும் அதே ஜாதி. கொஞ்சம் பெரிய பழம் வேண்டும் என்றால் 1950களில் ஃப்ளோரிடாவில் உருவாக்கிய ஹோம்ஸ்டெட். சின்னப் பழ ரகங்களில் ஒரு கொத்தில் பூக்களே அதிகம், பாதி உதிர்ந்தாலும் மீதி நிற்கும்.

ஆனால் என் மனம் நிற்பது நாட்டுத் தக்காளியில். தட்டையாக, பூசணி மாதிரி வரி வரியாக, காம்புப் பக்கம் பச்சைத் தோளோடு இருக்குமே, அதேதான். தோல் மெல்லியது, ரெண்டு நாளில் கனிந்துவிடும், அதனால் கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. ரசத்துக்குக் கையால் பிசைந்தால் அந்தப் புளிப்பு வாசனை சாப்பிட்டு முடித்த பிறகும் விரலில் இருக்கும், பெங்களூர் தக்காளியில் அதை எதிர்பார்க்க முடியாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 கூட அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து வந்ததுதான். குட்டையாக வளரும், தொட்டிக்குத் தோதானது, விதையும் எடுத்து வைக்கலாம். மாடியில் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சந்தைப் பழத்திலிருந்து விதை எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. அது ஹைபிரிட்டாக இருந்தால் அடுத்த தலைமுறை செடிக்குச் செடி மாறும். செங்கல்பட்டுப் பக்கம் சாலையோரம் கூடை வைத்திருந்த ஒரு பாட்டியிடம் விதைக்கு நாட்டுத் தக்காளி கேட்டேன். “விதைக்கா கேக்குற? அப்ப இது வேணாம் தம்பி, செடியிலேயே பழுத்ததா நாளைக்குக் கொண்டாறேன்” என்றார். மறுநாள் கொண்டுவந்தும் கொடுத்தார். இன்று என் மாடியில் நிற்பதெல்லாம் அந்த நாலு பழத்தின் வாரிசு.

அப்புறம், வாடல் நோய். காலையில் பச்சையாகவே துவண்டு நிற்கும், தண்ணீர் ஊற்றினாலும் நிமிராது. தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி ஒரு நூல் கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல், செடியைக் காப்பாற்ற முடியாது. மண்ணோடு அப்புறப்படுத்திவிடுங்கள், அந்த மண்ணில் கத்தரியும் மிளகாயும் கூட வைக்காதீர்கள். நாட்டு ரகம் என்பதாலேயே இது வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்ணீர் தேங்காத பை, தென்னை நார்க்கழிவு கலந்த இளக்கமான மண், இதெல்லாம் ரகத்தைப் போலவே முக்கியம்.

சென்னைக்கு என் கணக்கு இது: அக்டோபரில் விதைத்து, நாற்றை மழைச்சாரல் படாமல் ஓரமாக வைத்திருந்து, நவம்பர் கடைசியில் பெரிய மழை ஓய்ந்ததும் பைக்கு மாற்றிவிடுவேன். ஜனவரியில் இரவு குளிரும்போது பூ நிற்கும். மார்ச்சில் மற்றதெல்லாம் உதிர்க்க ஆரம்பிக்கும்போது எந்தச் செடி இன்னும் பிஞ்சு பிடிக்கிறதோ, அதில் ஒரு துணிக்கயிறு கட்டிவைப்பேன். விதைக்கு அந்தச் செடிதான். நாட்டு விதையில் செடிக்குச் செடி குணம் கொஞ்சம் மாறும் என்பதால் இந்தப் பொறுக்கல் வீண்போவதில்லை. பழச்சாற்றோடு விதையை ரெண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் காயவைத்துக் காகித உறையில் போட்டால் முடிந்தது. போன மார்ச்சில் ஏழு செடியில் ரெண்டுக்குக் கயிறு கட்டினேன். அந்த விதை இப்போது அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில், அக்டோபர் முதல் வாரத்துக்குக் காத்திருக்கிறது.